கறுவா மரத்து அந்துப்பூச்சி

இத்தா இருப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கணவன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்போம். வெள்ளை உடுப்பு, நகை கிடையாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை, அவசியமில்லாமல் வாசல் தாண்டுவதில்லை. முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்து, வகுப்பில் ஒரு நாளும் கதிரையில் உட்காராத எனக்கு இது லேசான காரியமாக இருக்கவில்லை. முதல் மாதம் முடிவதற்குள் சுவரில் திரிகிற பல்லிகளில் எது தாய், எது பிள்ளை என்றெல்லாம் பிடிபட்டுவிட்டது.

எங்கள் வீடு பலாபத்வலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பெரிய வீதியில் யாழ்ப்பாணம் போகிற பஸ்களின் ஹோர்ன் கேட்கும், பஸ் தெரியாது. வளவில் மிளகும் கொக்கோவும் நிற்கின்றன. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுவா மரம். பட்டை உரிக்காமல் சும்மா விட்டதில் அது கூரை உயரத்துக்கு வளர்ந்து நல்ல நிழல் தருகிறது.

அந்த நிழலில்தான் என் கணவர் தன் கடைசி மூன்று மாதங்களையும் கழித்தார். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துபோன பிறகு, காலைச் சாப்பாடு முடிந்ததும் பொல்லை ஊன்றிக்கொண்டு கேட் வரைக்கும் நடப்பார். அங்கே ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும் அதிலேயே வீதியைப் பார்த்தபடி இருப்பார்.

"என்ன செய்றீங்க?" என்று கேட்டால், "காத்து வாங்குறேன்" என்பார்.

காற்று வீட்டுக்குப் பின்பக்கம்தான் வரும். கேட்டடியில் தூசும் புகையும்தான். ஓட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தால் அவருடைய கழுத்து நீளும், அது தாண்டிப் போனால் சுருங்கும். அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது தன் தங்கையை. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

தங்கை இருப்பது மாத்தளை டவுனில், பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் ஆறு வருஷம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தங்கையின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஆட்களிடையே கல்யாணம் சொல்வது என்றால் நேரில் வர வேண்டும். வாசலில் ஏறி, உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, இந்த நாள், இந்த இடம், கட்டாயம் வாங்க என்று வாயால் சொல்ல வேண்டும். கார்ட் என்பது சொன்னதை மறக்காமலிருக்கக் கொடுக்கிற காகிதம், அவ்வளவுதான். அவ தன் மகனிடம் கார்டைக் கொடுத்து மோட்டார் சைக்கிளில் அனுப்பிவிட்டா. அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டிலேயே நீட்டிவிட்டுப் போனான். "கூடப் பிறந்தவளுக்கு என் வாசல் ஏற ஏலாம போயிட்டா?" என்றார் இவர். கல்யாணத்துக்குப் போகவில்லை. நானா, அதாவது அண்ணன், வரவில்லையே என்று அவவுக்குக் கோபம். இரண்டு பேரும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள், ஒரே பிடிவாதம்.

இனி என் பங்கையும் சொல்ல வேண்டும்.

அவர் அந்தக் கதிரையில் உட்காரத் தொடங்கி இரண்டரை மாதம் இருக்கும். ஒரு பின்னேரம் அவவிடமிருந்து போன் வந்தது. ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சலாம் சொல்லிவிட்டுக் கேட்டா.

"மதினி, நான் நானாவ பார்க்க வரட்டா?"

"இப்ப வேணாம் தங்கச்சி. டொக்டர் அவருக்கு மனசு பதட்டப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். கொஞ்சம் தேறட்டும், நானே சொல்றேன்" என்றேன்.

டொக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் டொக்டர் தங்கையைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தப் பேச்சைத் தங்கையின் பக்கம் திருப்பியது நான். ஆறு வருஷமாக இந்த மனிதனை உள்ளுக்குள் அரித்தவ, நோயில் விழுந்த பிறகு ஒரு போன் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற எரிச்சல் எனக்கு. கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தேன். அவ போன் பண்ணியதை அவரிடம் சொல்லவுமில்லை. மறுநாளும் அவர் கதிரைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். பன்னிரண்டாம் நாள் விடிகாலை சுபஹ் நேரத்தில் இரண்டாவது தடவையாகப் பாரிசவாதம் தாக்கி மௌத்தாகிவிட்டார்.

தங்கை வந்தா. மையத்தாகக் கிடந்த அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மற்றவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஒரு நாள்தான் அந்துப்பூச்சி எங்கள் வீட்டுக்குள் வந்தது. கதிரையிலிருந்தபடி அவர் என்னைக் கூப்பிட்டார். பகிடி பண்ணும்போது என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், இங்க வாங்க. உங்க புள்ள ஒன்னு தூங்குது."

தலைக்கு மேலே எட்டுகிற கொப்பில், காய்ந்த கறுவா இலை ஒன்றைச் சுற்றி, சாம்பலும் மண்ணிறமும் கலந்த ஒரு கூடு தொங்கியது. என் கையின் நடுவிரல் நீளம், கோணிச் சாக்கு மாதிரிச் சொரசொரப்பு. பார்த்த மாத்திரத்தில் அட்லஸ் அந்துப்பூச்சி என்று தெரிந்துவிட்டது. காட்டுப் பூச்சி அது. ஆனால் கறுவா இலை என்றால் அதன் புழுவுக்கு உயிர், அதனால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கும் வந்து போகும். நான் படிப்பித்த காலத்தில் இப்படி ஒன்று கிடைத்தால் இவர் எனக்காகப் பொறுக்கி வருவார். பூரண உருமாற்றம் பாடத்துக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. நான் பென்ஷனில் வந்து இரண்டு வருஷம் ஆனது அவருக்கு மறந்துபோச்சோ என்னவோ, இடது கையால் கொப்பை முறித்து நீட்டினார். நான் அதை ஒரு ஜாம் போத்தலில் குத்தி அலுமாரிக்கு மேலே வைத்தேன். பிறகு மையத்து வீட்டு அமளியில் மறந்தே போனேன்.

முப்பத்தெட்டாம் நாள் காலை. மகள் வேலைக்குப் போய்விட்டாள். அவள் மாத்தளையில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள், என்னோடுதான் இருக்கிறாள். நான் ஓதிக்கொண்டிருந்தேன். அலுமாரிக்கு மேலே காகிதம் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனால், கூட்டின் வாய் நனைந்து, அதற்குள்ளிருந்து ஈரத் துணி மாதிரி ஏதோ வெளியே வந்துகொண்டிருக்கிறது.

விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றேன். செட்டைகள் முதலில் கசங்கிய லேஞ்சித் துணி மாதிரிச் சுருண்டு தொங்கின. அரை மணித்தியாலத்தில் விரிந்தன. செங்கல் நிறம், ஓரத்தில் மஞ்சள், ஒவ்வொரு செட்டையிலும் கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி ஒரு முக்கோணம், மேல் நுனிகளில் பாம்பின் தலை. என் இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தாலும் மறைக்க முடியாத அகலம். அவர் போன பிறகு முதல் தடவையாக, "இங்க வந்து பாருங்களேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அழுது முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உணர்கொம்பைப் பார்த்தேன், பழக்க தோஷம். ஆணுக்கு அது அகலமான சீப்பு மாதிரி இருக்கும், பெண்ணுக்கு ஒல்லி. இது ஒல்லி. வயிறும் பெருத்திருந்தது. பெண்.

இந்தப் பூச்சிக்குச் சாப்பிட வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதுதான் சொத்து. அதை வைத்து ஒரு வாரம், கூடிப்போனால் பத்து நாள். பெண் பூச்சி எங்கும் அலைவதில்லை. இருந்த இடத்தில் இருந்து ஒரு வாசனையை விடும், எங்கோ கிடக்கிற ஆண் அதைப் பிடித்துக்கொண்டு தேடி வரும். இது ஜன்னல் திரையில் ஏறித் தொங்கியது. அங்கேயே கிடந்தது.

நாற்பதாம் நாள், அவருக்காகக் குர்ஆன் ஓதித் துஆக் கேட்கிற கத்தம் ஓத ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் முன்பக்கம், பெண்கள் என் அறையில். திரையைப் பார்த்ததும் பெண்கள் எல்லாருக்கும் மூச்சு நின்றுவிட்டது. மௌத்தான வீட்டுக்கு நாற்பது நாளுக்குள் இப்படி ஒரு பூச்சி வந்தால், போனவருடைய ரூஹுதான், அந்த உயிர்தான், வீட்டைப் பார்க்க வந்திருக்கிறது என்று எங்கள் பக்கம் சிலர் சொல்வார்கள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது என்று மௌலவி சொன்னால் ஆமாம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், பூச்சியை மட்டும் விரட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு சின்னப் பீங்கானில் சீனித் தண்ணி கரைத்துக் கொண்டுவந்து திரைக்கடியில் வைத்தா. "அதுக்கு வாயே இல்லையே" என்று சொல்ல என் வாய் திறந்தது. மகள் கண்ணால் அடக்கினாள்.

தங்கையும் வந்திருந்தா. கதவோரத்தில் இருந்தா. திரையைப் பார்த்தா, என்னைப் பார்க்கவில்லை.

ஓதி முடிந்து எல்லாரும் சஹனில், ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, நெய்ச்சோறு சாப்பிட நடு ஹோலுக்குப் போனார்கள். நான் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி உளு செய்ய அறையோடு சேர்ந்த பாத்ரூமுக்குள் நுழைந்தேன். தண்ணி டெப்பை மூடியபோது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. அறையில் அவ மட்டும்தான் இருந்தா.

"நானா, கார்ட புள்ள கையில குடுத்தனுப்பினது பிழைதான். அந்த நேரம் கல்யாண வேல தலைக்கு மேல. எல்லாரு வாசலுக்கும் போனேன், உங்க வாசலுக்கு மட்டும் வரல்ல. நானாதானே, ஒன்னும் நினைக்க மாட்டாங்கன்னு இருந்துட்டேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"பொறகு வரணும்னுதான் கேட்டேன் நானா. உங்களுக்கு ஏலாம இருக்கு, இப்ப வேணாம்னு மதினி சொன்னாங்க. அவங்க உங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க. நான்தான் கேக்காம ஓடி வந்திருக்கணும்."

கையில் ஈரம் சொட்டச் சொட்ட நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் போதும். அவ ஒரு பூச்சியிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஆறுதலோடு வீட்டுக்குப் போவா. நான் செய்ததும் என்னோடு போகும், ஒருத்தருக்கும் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அதைத்தான் செய்ய நினைத்தேன். ஆனால் 'உங்க நல்லதுக்கு' என்று அவ சொன்ன விதம் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. கதவைத் திறந்தேன்.

"தங்கச்சி, அது நானா இல்ல. கறுவா மரத்துல இருந்த கூட்டுலருந்து வந்த பூச்சி. அதுவும் பொட்டப் பூச்சி."

அவ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"பூச்சின்னு எனக்கும் தெரியும் மதினி. வேற யாருக்கிட்டப் போய்ச் சொல்ல?"

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பிழை திருத்திய டீச்சரை அவ திருத்திவிட்டா. கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் அவவைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பதை, என் எரிச்சலை, போன் வந்ததை அவரிடம் மறைத்ததை. நீலக் கதிரையையும் சொன்னேன்.

"ஓட்டோ சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பாரு. உங்களத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு. கடைசி நாள் வரைக்கும்."

அவ கத்துவா என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும். "எந்தக் கதிர?" என்று மட்டும் கேட்டா. ஜன்னல் திரையை, பூச்சி அசையாமல், ஒரு ஓரமாக விலக்கிக் காட்டினேன். கதிரை அங்கேயேதான் கிடந்தது, கறுவா இலைகள் அதன் மேல் உதிர்ந்து.

அவ எழுந்து போனா. சாப்பிடுகிறவர்களைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வளவில் நடந்து கேட்டுக்குப் போனா. இலைகளைக் கையால் தட்டிவிட்டு அதில் உட்கார்ந்து வீதியைப் பார்த்தா. ஆட்கள் சாப்பிட்டு முடிந்து, சலாம் சொல்லி, அவவைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவ எழும்பவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது எனக்கு. முன்பக்கமெல்லாம் ஆண்கள், நான் இத்தாவில் இருக்கிறவள், எப்படிப் போவது? ஜன்னலுக்குள்ளே இருந்து அவவுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகு ஒரு ஓட்டோவை மறித்து ஏறிப் போய்விட்டா. எனக்குச் சலாம் சொல்லவில்லை.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு எழும்பும்போது ஜன்னல் வலையில் வெளிப்பக்கமாக ஏதோ படபடத்தது. ஆண் பூச்சி. சீப்பு மாதிரி உணர்கொம்பு, ஒரு செட்டையின் ஓரம் கிழிந்திருந்தது. எந்தக் காட்டிலிருந்து எத்தனை மரம் தாண்டி வந்ததோ தெரியாது. வலைக் கதவைத் திறந்துவிட்டேன், நேராகத் திரைக்குப் போனது. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "என்ன உம்மா, இத்தா வீட்டுக்குள்ள அந்நிய ஆம்பிளைய விட்டிருக்கீங்க?" என்றாள். நாற்பது நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் கதிரை ஞாபகம் வந்துவிட்டது. கூப்பிட்டால் தங்கை வந்திருப்பா. நான்தான் கூப்பிடவில்லை.

அன்றைக்கே தங்கைக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. அடுத்த நாளும் பண்ணினேன், எடுக்கவில்லை.

பெண் பூச்சி திரையில் வரிசை வரிசையாக முட்டையிட்டது, சிவப்பு மண்ணில் உருட்டிய மிளகு மாதிரி. மகள் அந்தத் திரைத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டுபோய்க் கறுவாக் கொப்பில் கட்டிவிட்டாள். ஏழாம் நாள் பூச்சி தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது காய்ந்த இலையின் பாரம்கூட இல்லை.

"நான் போய் மாமியக் கூட்டிக்கிட்டு வரட்டா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். பிள்ளையை அனுப்பித்தானே ஆறு வருஷம் போனது. நான்தான் போக வேண்டும். போவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மழை வருகிறது, கதிரையை உள்ளே எடுக்கவா என்று அவள் கேட்டபோதும் வேண்டாம் என்றேன். ஜன்னலால் அந்தக் கதிரையைப் பார்த்தபடியே மூன்று மாதமும் போனது. வெளியே ஓட்டோ வேகத்தைக் குறைத்தால் என் கழுத்தும் நீண்டது. அவர் பட்ட பாடு என்னவென்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. கறுவா மரத்தில் புழுக்கள் வந்து, இலையெல்லாம் தின்று கொழுத்து, ஒவ்வொன்றாகக் கூடு கட்டிக்கொண்டன.

இத்தா முடிந்த மறுநாள் காலை, மகள் பிடித்து வைத்த ஓட்டோவை அனுப்பிவிட்டு, பெரிய வீதி வரைக்கும் நடந்துபோய் மாத்தளை பஸ் ஏறினேன். கையில் ஒரு பார்சல் தொதல் இனிப்பு, ஜாம் போத்தலில் கூடு தொங்கும் கறுவாக் கொப்பு ஒன்று. வெயிலில் கண் கூசியது. டவுன் கோயிலைத் தாண்டி இறங்கி, கடை வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் நடந்தேன். நான் அந்த வாசலுக்குப் போய் ஆறு வருஷத்துக்கு மேல்.

மணி அடித்தேன். கதவைத் திறந்தது அவதான். வெள்ளை உடுப்பு இல்லாத என்னை மேலும் கீழும் பார்த்தா. போத்தலைப் பார்த்தா. சலாம் சொன்னேன், பதில் சொன்னா. பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி, நான் வரட்டா?"

அன்றைக்குப் போனில் தான் கேட்ட அந்த வார்த்தை அவவுக்கு ஞாபகம் இருந்தது. கண் நிறைந்துவிட்டது. கதவை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு, கோபமாகவே சொன்னா:

"இதெல்லாம் கேக்குறதா மதினி? உள்ள வாங்க."